55 முறை எழுதியும் தேறவில்லை என்றால், குறை நம்பிக்கையிலா?

குமுளிக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்ட கேள்விக்கு இந்தப் பதில். மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 25. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கட்டப்பனையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறார். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி. கல்லூரியில் சேர்ந்தபோது மலையாளம் எழுதவோ படிக்கவோ தெரியாதாம். ஜெர்மனிக்கு நர்ஸாகப் போக வேண்டும் என்பது நான்கு வருடக் கனவு. அதற்கான ஜெர்மன் மொழித் தேர்வுகளில் ஏ2 நிலை தேறிவிட்டார், அடுத்த நிலையான பி1 தேர்வில் இரண்டு முறை தவறிவிட்டார். ஒரு காணொளியில் சொன்னபடி ஐந்து மாதமாகத் தினமும் காலையில் "நான் ஜெர்மனியில் வேலை செய்கிறேன்" என்று 55 முறை நோட்டில் எழுதி வருகிறார். கட்டிலுக்கு எதிரே ஒரு ஜெர்மன் நகரத்தின் படம். அண்ணன் இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார். காணொளிக்காரரோ, பலன் வரவில்லை என்றால் ஆழ்மனதில் எங்கோ சந்தேகம் ஒளிந்திருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி, நேர்மறை நம்பிக்கை உண்மையிலேயே வேலை செய்யுமா என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி இதுதான் என்றாலும், கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்றை எழுதியிருந்தார்: "நான் முழுசாக நம்பாததால்தான் தோற்றேனோ என்று பயமாக இருக்கிறது." கேட்க நினைத்தது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் இதற்கே முதலில் பதில் சொல்கிறேன். இல்லை. அதனால் நீங்கள் தோற்கவில்லை.

நான் கம்பத்தில் 23 வருடமாக உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். மலைக்கு இந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் வருவார்கள், கேரளத்து வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம் பக்கமிருந்தும் வருவார்கள். இப்போதெல்லாம் வருகிற பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் நோட்டோடு வருகிறார்கள். சிலர் 21 முறை, சிலர் 55 முறை, ஒரு பையன் 108 முறை. அவர்களிடம் கேட்டுப் பழகியதில் எனக்கு அந்தக் காணொளி உபதேசத்தின் மேல் ஒரு கோபமே உண்டு. லேகியம் விற்கிறவரிடம் நோய் தீரவில்லை என்று போனால், "பத்தியம் முறிந்திருக்கும்" என்பார். தீர்ந்தால் லேகியத்தின் மகிமை, தீராவிட்டால் நோயாளியின் குற்றம். எப்படிப் பார்த்தாலும் விற்றவர் தோற்காத வியாபாரம் அது. நினைத்தால் கிடைக்கும் என்பதும், கிடைக்கவில்லை என்றால் சரியாக நினைக்கவில்லை என்பதும் அதே வியாபாரம்தான்.

அண்ணன் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. நம்பிக்கை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு வேறு சரக்குகள் கிடக்கின்றன. காப்ரியேலே எட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் (ஆமாம், நீங்கள் போக விரும்பும் நாட்டுக்காரர்தான்) இவற்றைப் பிரித்துக் காட்டினார். ஒன்று எதிர்பார்ப்பு: இதுவரை நடந்ததைப் பார்த்தால் என்னால் முடியும் என்ற கணக்கு. மற்றொன்று கற்பனை: முடிந்துவிட்டதாகவே மனதில் ஓட்டிப் பார்த்து அந்த இன்பத்தில் திளைப்பது. உடல் எடையைக் குறைக்கும் திட்டம் ஒன்றில் சேர்ந்த 25 பெண்களை அவரும் இன்னொருவரும் ஒரு வருடம் கவனித்து 1991-ல் எழுதினார்கள். குறைத்துவிட முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 12 கிலோ கூடுதலாகக் குறைத்திருந்தார்கள். மெலிந்த உடம்போடு வளைய வருவதாக மிக இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் சுமார் 11 கிலோ குறைவாகவே இழந்திருந்தார்கள். பட்டம் முடித்து வேலை தேடிய மாணவர்களை இரண்டு வருடம் கழித்து விசாரித்த இன்னொரு ஆய்விலும் இதே கதை. வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இன்பக் கனவு கண்டவர்கள் குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள், சம்பளமும் குறைவு.

ஏன் இப்படி? 2011-ல் வந்த சோதனைகள் ஒரு விளக்கம் தருகின்றன. நர்ஸான உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இனிய கற்பனையில் இருந்தவர்களுக்கு சிஸ்டாலிக் ரத்த அழுத்தம் இறங்கியது. முயற்சிக்குத் தயாராகும் உடம்பில் அது கொஞ்சம் ஏற வேண்டும். அடைந்துவிட்டோம் என்று உடம்பு நம்பிக்கொண்டு தளர்ந்துவிடுகிறது. நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று நம் ஊரில் சொல்வதை இவ்வளவு சரியாக அளந்து பார்த்தவர்கள் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதை நான் ஆய்வுக் கட்டுரையில் படிப்பதற்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டவன். 1994-ல் பி.ஏ. முடித்த கையோடு, மாவட்ட ஆட்சியர் ஆவது என்று முடிவெடுத்தேன். முதல் வேலையாக, பஸ் நிலையத்துக்கு எதிரே போர்டு எழுதும் ஓவியரிடம் போய், ஒரு தகரத்தில் என் பெயரையும் அதன் கீழே "மாவட்ட ஆட்சியர்" என்பதையும் எழுதச் சொன்னேன். மஞ்சள் எழுத்து, பச்சைப் பின்னணி, 80 ரூபாய். அறைக் கதவின் உள்பக்கம் மாட்டினேன். டீக்கடையில் நண்பர்கள் "கலெக்டர் வந்துவிட்டார்" என்பார்கள். கிண்டல்தான், ஆனாலும் உள்ளுக்குள் இனித்தது. அந்த வருடம் நான் படித்ததைவிட அந்தத் தகரத்தைப் பார்த்த நேரம் அதிகம். முதல்நிலைத் தேர்விலேயே இரண்டு முறை தவறினேன். பிறகு ஒருநாள் ஊருக்குப் போனபோது அம்மா அந்தத் தகரத்தைக் கோழிக்கூட்டுக்கு மூடியாக வைத்திருந்தார். எழுத்து உள்பக்கம் இருக்கும்படி கவிழ்த்து வைத்திருந்தார். அந்த நாகரிகம் அவருக்கு இருந்தது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2009-ல் இதற்கு ஒப்பான ஒன்றை மாணவர்களிடம் சோதித்துக் காட்டினார்கள். வழக்கறிஞர் ஆவேன் என்பது போன்ற எண்ணத்தை மற்றவர் தெரிந்துகொண்டு தலையாட்டிவிட்டால், அதற்கான உழைப்பு குறைகிறது. அந்த டீக்கடைக்கு அப்படியே பொருந்துகிறது.

அப்படியானால் எந்த நம்பிக்கை உதவும்? இதில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் சொன்னது இன்றும் நிற்கிறது. என்னால் முடியும் என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது என்றார் அவர். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பும் மனமும் அப்போது இருக்கும் நிலை. இதில் வலுவானது முதலாவது. உங்கள் நோட்டில் இருப்பது மூன்றாவதின் மெலிந்த வடிவம், நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்வது. அதற்கு ஓர் ஆபத்தும் உண்டு. தன்மதிப்பு குறைந்தவர்களைத் தங்களைப் பற்றி நல்ல வாசகம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தபோது, சொல்லாதவர்களைவிட அவர்கள் மனநிலை மோசமானதாக 2009-ல் ஓர் ஆய்வு காட்டியது. வாசகம் ஒன்று சொல்ல, உள்ளே இருப்பது "பொய்" என்று பதில் சொல்கிறது போலும். இரண்டு முறை தவறிய பிறகு "நான் ஜெர்மனியில் வேலை செய்கிறேன்" என்று எழுதும்போது உங்களுக்குள் என்ன கேட்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் நீங்கள் கவனிக்காமல் எழுதிவிட்ட ஒன்று உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் நர்சிங் படித்தீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத மலையாளத்தில் இன்று வார்டில் நோயாளியிடம் வலி எங்கே என்று கேட்கிறீர்கள். ஜெர்மன் உங்களுக்கு நான்காவது மொழி. முதல் வருடம் மலையாளத்தில் எது புரியாமல் இருந்தது, எப்போது புரியத் தொடங்கியது, அப்போது என்ன செய்தீர்கள்? அந்த 55 வரிகளுக்குப் பதிலாக இதை ஒருமுறை, ஒரே ஒரு பக்கம், உண்மையாக எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்து உள்ளிருந்து யாரும் பொய் என்று சொல்ல முடியாது.

இலக்கு வைப்பதைப் பற்றி இனி. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. எட்வின் லாக், கேரி லேதம் என்ற உளவியலாளர்கள் இருவரும் பல பத்தாண்டுகள் உழைத்துச் சேர்த்த முடிவு: "முடிந்தவரை நன்றாகச் செய்" என்பதைவிட, தெளிவான, சற்றுக் கடினமான இலக்கு அதிகம் செய்ய வைக்கிறது. எனக்குப் பிடித்த உதாரணம் லாரிகளைப் பற்றியது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரத்தடி ஏற்றும் ஓட்டுநர்கள் சட்டம் அனுமதித்த எடையில் 60 சதவீதம் போலத்தான் ஏற்றிவந்தார்கள். கூலியைக் கூட்டவில்லை, 94 சதவீதம் என்று ஓர் எண்ணை மட்டும் இலக்காகச் சொன்னார்கள். சில மாதங்களில் 90-ஐத் தாண்டியது. 1975-ல் வெளியான ஆய்வு இது. இதை இங்கே ஒரு காய்கறி லாரிக்காரரிடம் சொன்னேன். "எங்களுக்கு 100-ஐத் தாண்டாமல் இருக்கத்தான் சார் இலக்கு வேண்டும்" என்றார்.

இந்த மலையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சாலையில் உட்கார்ந்தபோது அவர்கள் கேட்டது "நியாயம்" என்ற பொதுச்சொல்லை அல்ல. போனஸ் 20 சதவீதம், தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 500. பத்து நாளுக்குள் 20 சதவீதம் கிடைத்தது. 500 கிடைக்கவில்லை, பிறகு 301 ஆனது. இரண்டு கோரிக்கைக்கும் அவர்கள் மன உறுதி ஒன்றேதான். ஆனால் கூலி, பல தோட்டங்களும் தொழிற்சங்கங்களும் அரசும் சேர்ந்து முடிவுசெய்கிற விஷயம். நினைத்தது நடக்காததற்கெல்லாம் நினைத்தவரின் மனதைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அநியாயமாகப் படுவது இதனால்தான்.

லாக், லேதம் சொன்னதில் ஒரு நிபந்தனையைப் பேச்சாளர்கள் விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்னது ஏற்கெனவே செய்யத் தெரிந்த வேலைக்கு. லாரி ஏற்றத் தெரிந்தவருக்கு எண் போதும். புதிதாகக் கற்கும் சிக்கலான வேலையில் முடிவை மட்டும் இலக்காக வைத்தால், பதற்றத்தில் திறமை குறையவும் கூடும். அங்கே "இதைச் செய்ய மூன்று வழி கண்டுபிடிப்பேன்" என்பது போன்ற கற்றல் இலக்கு நல்லது. உங்களுக்கு "பி1 தேறுவேன்" என்பது முடிவு. ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். நீங்கள் "இரண்டு முறை தவறினேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், எதில் என்று எழுதவில்லை. ஐந்து மாதமாக ஜெர்மன் ஊரின் படத்தைப் பார்த்த கண், மதிப்பெண் தாளைப் பார்த்ததா?

தடையைப் பார்ப்பது எதிர்மறை எண்ணம் என்று அந்தக் காணொளி உங்களைப் பயமுறுத்தியிருக்கலாம். எட்டிங்கன் செய்யச் சொல்வது இதற்கு நேர் எதிர். முதலில் விருப்பத்தை நினையுங்கள், அது கிடைத்தால் எப்படி இருக்கும் என்பதை ஒரு நிமிடம் ஆசை தீரப் பாருங்கள், உடனே உங்களுக்குள்ளிருந்து எது குறுக்கே நிற்கிறது என்று பாருங்கள், பிறகு திட்டம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூட மேடை ஏறும் எல்லாப் பேச்சாளரும் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கை இழுப்பார்கள். நம்பினார், கட்டினார் என்பார்கள். நாம் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறவர், எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற யோசனை அவருக்கு முன்பே இருந்தது. 1808-ல் ஆய்வு செய்த ஜேம்ஸ் கால்டுவெல் இது வீண் கற்பனை என்று தள்ளிவிட்டார். 1895-ல் அது முடிந்தது என்றால், நடுவே மலை நிற்கிறது, அதைக் குடைந்து சுரங்கம் வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டவர்களால்தான். கட்டும்போதே வெள்ளம் தற்காலிக அணைகளை அடித்துக்கொண்டு போனது. ஆறு தானாகத் திரும்பிவிட்டதாக அவர் யாரையும் 55 முறை எழுதச் சொல்லவில்லை.

திட்டம் என்பதற்கு கோல்விட்சர் ஓர் எளிய வடிவம் தந்தார்: இது நடந்தால், அதைச் செய்வேன். 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் எழுதியபோது, இந்த வடிவில் திட்டமிட்டவர்கள் வெறும் எண்ணம் கொண்டவர்களைவிடத் தெளிவாக முன்னே இருந்தார்கள். இந்தத் துறையில் நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கும் ஒன்று உண்டு என்றால் இதுதான், காசும் ஆகாது. "தினமும் ஒரு மணி நேரம் படிப்பேன்" என்று எழுதாதீர்கள். "இரவு வேலை முடிந்து அறைக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், கட்டிலில் உட்காருவதற்கு முன், காதில் மாட்டிக்கொண்டு ஒரு கேட்டல் பயிற்சி" என்று எழுதுங்கள். அப்புறம் தடைக்கும் ஒன்று: "கேட்கும்போது ஒரு சொல் புரியாமல் மனம் உறைந்துவிட்டால், அதை விட்டு அடுத்த வாக்கியத்தில் சேர்ந்துகொள்வேன்." காலையில் அந்த ஐந்து நிமிடச் சடங்கை விட மனமில்லை என்றால் விட வேண்டாம், படத்தை மட்டும் மாற்றுங்கள். தேர்வுக்கு முன்பு தினமும் சில நிமிடம், தாங்கள் உட்கார்ந்து படிப்பதை மனதில் ஓட்டிப் பார்த்த மாணவர்கள், நல்ல மதிப்பெண் வாங்கியதாக ஓட்டிப் பார்த்தவர்களைவிட முன்னதாகப் படிக்கத் தொடங்கி நன்றாக எழுதியதாக 1999-ல் ஓர் ஆய்வு வந்தது. ஜெர்மன் நகரம் இருக்கும் இடத்தில் அந்த அறையும் அந்தச் செருப்பும் வரட்டும்.

நான் சொன்ன எல்லாம் ஒரே அளவு உறுதியானவை என்று நினைத்துவிடாதீர்கள். எடை ஆய்வு 25 பேரை வைத்துச் செய்தது, சிறியது; கற்பனைதான் காரணம் என்பதை அது மட்டும் நிறுவாது. பெரும்பாலான ஆய்வுகள் அமெரிக்க, ஐரோப்பியக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தவை. இரவு வேலையும் வீட்டுக் கடனும் சுமக்கிற ஒருவருக்கு அதே அளவு பலன் வரும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். திசை சரி என்று மட்டும் என் அனுபவத்திலிருந்து சொல்வேன். இதற்கு மாறாக, மேடைகளில் உறுதியாகச் சொல்லப்படும் இரண்டு வெறும் கதைகள். ஒன்று, 1953-ல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்த 3 சதவீத மாணவர்கள் 20 வருடம் கழித்து மீதிப் பேரைவிட அதிகம் சம்பாதித்தார்கள் என்பது. அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. இன்னொன்று, 21 நாளில் எதுவும் பழக்கமாகும் என்பது. அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் தம் நோயாளிகளிடம் கவனித்து 1960-ல் சொன்ன ஒரு குறிப்பு திரிந்து வந்தது. லண்டனில் 96 பேரை வைத்து அளந்தபோது, பழக்கம் படிய நடுமதிப்பாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254. எனவே இருபத்திரண்டாம் நாள் தடுமாறினால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

விசா, பதிவு விதிகள் என் துறை அல்ல. பொதுவாக அடுத்த நிலையான பி2 வரை கேட்கிறார்கள் என்பதால் பி1-க்குப் பிறகும் ஒரு மலை இருக்கிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். முகவருக்கு லட்சக்கணக்கில் கொடுப்பதற்கு முன், வெளிநாடுவாழ் கேரளர்களுக்கான கேரள அரசின் அமைப்பான நோர்க்கா ரூட்ஸ் ஜெர்மன் அரசு அமைப்புகளோடு சேர்ந்து நர்ஸ்களுக்கு நடத்தும் டிரிபிள் வின் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். அதில் தேர்வாகிறவர்களிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்குவதில்லை. முகவரி தமிழ்நாட்டில் இருந்தால் சென்னையில் உள்ள அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. இதையும் "எதிர்மறை" என்று சொல்லி யாராவது தடுத்தால் அவரிடமிருந்து விலகியிருங்கள்.

எத்தனை முறை முயல்வது என்பதை இப்போதே, அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே, அம்மாவோடு உட்கார்ந்து பேசி ஓர் எண் வையுங்கள். தோற்ற அன்று எடுக்கும் முடிவு எப்போதும் தப்பாக இருக்கும். நான் மூன்றாவது முறை எழுதாமல் உளவியல் படிக்கப் போனேன். அம்மா ஒரு வாரம் பேசவில்லை, பிறகு பேசினார்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு தேர்வின் மதிப்பெண் தாளையும் எடுத்து, நான்கு பகுதிக்கும் எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறவர்கள் சிலர் பதில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஜெர்மனில் ஒரு சொல்கூடத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். அந்த எட்டு எண்களும் இல்லாமல் அவர்களாலும் எதுவும் சொல்ல முடியாது.